ஏழு பேரும் ஒரு ரசீதுப் புத்தகமும்

வேலந்தாவளத்திலிருந்து தினமும் பஸ் ஏறிக் கோவைக்குப் போய் அரசியல் அறிவியல் படிக்கும் அம்மிணி ஒருத்தி என்னிடம் கேட்டது இது: "புதிதாக ஜனநாயகத்துக்கு வந்த நாடுகளில் அதை வளர்க்கவும், அங்குள்ள மக்கள் அமைப்புகளைக் காப்பாற்றவும் வெளியில் இருப்பவர்களால் என்ன செய்ய முடியும்? பணம் கொடுத்தால் தலையீடு ஆகாதா? எங்கள் ஊரில் கிணற்றுத் தண்ணீருக்காக ஒரு குழு தொடங்கலாமென்று நானும் தோழிகளும் இருக்கிறோம். அதற்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?"

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன் அம்மிணி. சம்பந்தம் நிறையவே உண்டு.

கேரளத்துப் பாலக்காடு ஜில்லாவில், நம் சித்தூர் தாலுகாவில் முப்பது வருடத்துக்கு மேல் வக்கீலாக இருந்தவன் நான். வாசகசாலை, விவசாயிகள் பாசனக் குழு, கோயில் கமிட்டி, பென்ஷன்காரர்கள் சங்கம் என்று எத்தனையோ அமைப்புகளுக்கு பைலா, அதாவது சங்க விதிகள், எழுதிக் கொடுத்திருக்கிறேன். நம் ஜில்லாவில் இதில் ஒரு விசித்திரம் உண்டு. பாலக்காடு, ஆலத்தூர் பக்கமெல்லாம் பழைய மலபார். அங்கே சங்கம் பதிய 1860-ஆம் ஆண்டுச் சட்டம். நம் சித்தூர் கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. அதனால் நமக்குத் திருவிதாங்கூர்-கொச்சியின் 1955-ஆம் ஆண்டுச் சட்டம். ஒரே ஜில்லாவுக்குள் இரண்டு சட்டம் இருந்தாலும், இரண்டும் கேட்பது குறைந்தது ஏழு பேர். ஏழு பேர் கையெழுத்துப் போட்டு, பெயரும் நோக்கமும் எழுதிக் கொடுத்தால் சட்டத்தின் கண்ணுக்கு நீங்கள் ஓர் ஆள்.

குடிமைச் சமூகம் என்று உன் பாடப்புத்தகம் சொல்வதை நான் இப்படித்தான் புரிந்து வைத்திருக்கிறேன்: ஏழு கையெழுத்து, ஒரு மினிட்ஸ் புத்தகம், ஒரு ரசீதுப் புத்தகம், உட்கார ஓர் இடம். புதிய ஜனநாயகங்களில் இதை நசுக்க நினைக்கும் ஆட்சி முதலில் போலீஸை அனுப்புவதில்லை. முதலில் வருவது ஒரு படிவம். புதிதாகப் பதிவு செய், கணக்கை வேறு வங்கிக்கு மாற்று, இந்தத் தலைப்பில் வேலை செய்வதென்றால் வேறு சான்றிதழ் வாங்கு என்று அது கேட்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வெறும் நிர்வாக நடவடிக்கையாகத் தெரியும். அமைப்பு நடத்துபவர்களுக்குத்தான் தெரியும், இது கழுத்துக்கு வரும் கயிறு என்று.

எத்தியோப்பியாவைப் பார். 2005 தேர்தலில் எதிர்க்கட்சிகள் யாரும் எதிர்பாராத அளவுக்கு இடம் பிடித்தன. முடிவை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் சுடப்பட்டார்கள். நான்கு வருடம் கழித்து, 2009-இல், அறக்கட்டளைகளையும் சங்கங்களையும் முறைப்படுத்துவதாக ஒரு சட்டம் வந்தது. மனித உரிமை, பெண்ணுரிமை, தேர்தல், நீதி நிர்வாகம் போன்றவற்றில் வேலை செய்யும் உள்ளூர் அமைப்பு தன் வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து பெறக் கூடாது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? சோறும் மருந்தும் கொடுக்கும் அமைப்புகளுக்கு அந்தத் தடை இல்லை. உரிமை என்று வாயைத் திறக்கிறவர்களுக்கு மட்டும் தடை. அடிபட்ட பெண்களுக்கு இலவசமாக வழக்காடிக் கொண்டிருந்த பெண் வழக்கறிஞர்கள் சங்கம் ஆட்களைக் குறைத்து முடங்கிப் போனது. யாரையும் கைது செய்யாமலே இது முடிந்தது. 2019-இல் புதிய அரசு அந்தச் சட்டத்தை மாற்றியது. அதற்குள் பத்து வருடம் போய்விட்டது, பழகிய கைகள் சிதறிவிட்டன. அடுத்த வருடமே அந்நாட்டின் வடக்கே திக்ரேயில் போர் மூண்டது. அங்கே நடந்ததைக் கிராமம் கிராமமாகப் போய் எழுதி வைக்க எத்தனை பேர் மிஞ்சியிருந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

வெளிநாட்டுப் பணம் வாங்கும் அமைப்புகள் மேல் 'அந்நிய ஏஜெண்ட்' என்று முத்திரை குத்துவதை ரஷ்யா 2012-இல் சட்டமாக்கியது. அதன் நிழலாக ஹங்கேரியிலும் 2017-இல் ஒரு சட்டம் வந்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2020-இல் அது தவறென்று தீர்ப்பளித்த பிறகே ஹங்கேரி அதைத் திரும்பப் பெற்றது. ஜார்ஜியாவில் 2024-இல், வருமானத்தில் 20 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து பெறும் அமைப்புகள் தங்களை வெளிநாட்டுக்கு வேலை செய்பவர்களாகப் பதிந்துகொள்ள வேண்டுமென்று சட்டம் வந்தது. வாரக்கணக்கில் ஜனங்கள் தலைநகரத் தெருக்களில் நின்றும் அது நிறைவேறியது. நிகரகுவா இன்னும் ஒரு படி மேலே போய், 2024 ஆகஸ்டில் ஒரே நாளில் 1,500 அமைப்புகளின் பதிவை ரத்து செய்தது. நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு என்பதை மறைக்க வேண்டாம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் முதலில் வந்தது 1976-இல், எமர்ஜென்சியின் நடுவில். 2010-இல் புதிதாக எழுதப்பட்டது. 2020 திருத்தம், வெளிநாட்டுப் பணம் முதலில் டெல்லியிலுள்ள ஒரே ஒரு வங்கிக் கிளைக்கு வர வேண்டும், வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பகிரக் கூடாது, நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. அட்டப்பாடி மலையில் வேலை செய்யும் சின்ன அமைப்புக்குப் பெரிய அமைப்பு ஒன்று கைமாற்றிக் கொடுக்கும் வழி அதோடு அடைபட்டது.

இனி உன் நடுக் கேள்வி. பணம் கொடுத்தால் தலையீடு ஆகாதா?

அந்தச் சந்தேகத்தை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். 1953-இல் ஈரானிலும் 1954-இல் குவாத்தமாலாவிலும் தேர்தல் வழியாக வந்த அரசுகளைக் கவிழ்க்க உதவியதே வெளி வல்லரசுகள்தான். ஜனநாயகத்தின் பெயரைச் சொல்லி ஈராக்கில் குண்டு போட்டார்கள். இதையெல்லாம் பார்த்தவர்கள் 'வெளிநாட்டுப் பணம்' என்றதும் முகம் சுளிப்பதில் தப்பில்லை. ஆனால் வரலாற்றில் மறுபக்கமும் உண்டு. 1998 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மனித உரிமைக் காப்பாளர் பிரகடனத்தின் 13-ஆம் விதி, அமைதியான வழியில் உரிமைகளைக் காப்பதற்கென்றே பணம் கேட்கவும் பெறவும் பயன்படுத்தவும் யாருக்கும் உரிமை உண்டு என்கிறது. என் கருத்து இது: கட்சிக்கும் வேட்பாளருக்கும் வெளிப்பணம் ஒரு பைசா கூடாது. வழக்குச் செலவுக்கும், வாக்குச்சாவடியில் உட்காரும் உள்ளூர் ஆட்களின் பயிற்சிக்கும், சிறையில் இருப்பவர் குடும்பத்தின் வாடகைக்கும் கொடுக்கலாம். அதையும் திறந்த கணக்காகக் கொடுக்க வேண்டும்.

இதற்கு நல்ல முன்மாதிரிச் சட்டம் துனிசியாவில் இருந்தது. 2011 ஜனவரியில், மக்கள் எழுச்சிக்கு முன் நிற்க முடியாமல் சர்வாதிகாரி பென் அலி நாட்டை விட்டு ஓடினார். அதே வருடம் செப்டம்பரில் சங்கங்களுக்கான ஆணை வந்தது. சங்கம் தொடங்க அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை, பதிவுத் தபாலில் தகவல் அனுப்பினால் போதும். வெளிநாட்டுப் பணம் வாங்கலாம், ஆனால் எவ்வளவு, யாரிடமிருந்து, எதற்கு என்பதை ஒரு பத்திரிகையில் வெளியிட வேண்டும். ஒளிக்காதே, தடுக்கவும் மாட்டோம் என்ற அந்த நிலை எனக்கு ரொம்பப் பிடித்தது. 2013-இல் இரண்டு எதிர்க்கட்சித் தலைவர்கள் அடுத்தடுத்துச் சுட்டுக் கொல்லப்பட்டு நாடே உடையும் நிலைக்கு வந்தபோது, தொழிற்சங்க சம்மேளனம், முதலாளிகள் சங்கம், மனித உரிமைக் கழகம், வழக்கறிஞர்கள் சங்கம் ஆகிய நான்கும் சேர்ந்து கட்சிகளை ஒரே மேஜைக்கு இழுத்து உட்கார வைத்தன. 2014 ஜனவரியில் அரசியலமைப்பு நிறைவேறியது. 2015-இல் அந்த நால்வர் கூட்டுக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

அந்த நான்கில் தொழிற்சங்க சம்மேளனத்தைத் தனியாகக் கவனி. அது 1946-இல் பிறந்தது. அதை உருவாக்கிய ஃபர்ஹத் ஹஷாத் 1952-இல் காலனி ஆட்சிக் காலத்திலேயே கொல்லப்பட்டார். அதற்குப் பிறகும் அது நின்றதற்குக் காரணம், ஊர் ஊராக இருந்த கிளைகளும் தொழிலாளி கொடுத்த சந்தாவும். யாருடைய பணத்தில் நடக்கிறாய் என்று அதைக் கேட்க முடியாது. வெளிப்பணத்தில் மட்டுமே நிற்கிற அமைப்புக்கு என்ன ஆகுமென்பதை 2025-இல் பார்த்தோம். ஜனவரியில் அமெரிக்க அதிபர் போட்ட ஒரு கையெழுத்தில் வெளிநாட்டு உதவி நிறுத்தி வைக்கப்பட்டது, ஜூலை 1-ஆம் தேதியோடு அந்த உதவியைக் கொடுத்து வந்த யு.எஸ்.எய்ட் நிறுவனமே மூடப்பட்டது. எத்தனை நாடுகளில் எத்தனை அலுவலகங்களுக்குப் பூட்டு விழுந்திருக்கும்!

துனிசியாவின் கதை அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2021 ஜூலை 25 அன்று அதிபர் கைஸ் சையத் நாடாளுமன்றத்தை முடக்கினார். அன்று இரவு தெருவில் இறங்கிக் கைதட்டியவர்கள் ஏராளம். 2022-இல் நீதித்துறை உயர் குழு கலைக்கப்பட்டது. 'பொய்ச் செய்தி' என்று சொல்லிச் சிறைக்கு அனுப்பும் 54-ஆம் ஆணை வந்தது. நல்ல சட்டமும் நோபல் பரிசும் இருந்த நாட்டில் ஜனங்கள் ஏன் கைதட்டினார்கள்? பத்து வருடத்தில் ஒன்பது பத்து அரசுகள் மாறியும் உள்நாட்டு ஊர்களில் வேலை வரவில்லை. தள்ளுவண்டிக்காரர் முகமது புவாஸிஸி தீக்குளித்து அந்த எழுச்சிக்கே பொறி வைத்த சீதி பூசித் ஊரில் பையன்கள் அப்போதும் வேலையில்லாமல்தான் உட்கார்ந்திருந்தார்கள். தலைநகரத்துக் கருத்தரங்குகளில் பேசப்பட்ட ஜனநாயகம் அவர்கள் வீட்டு அடுப்பு வரை போகவில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். ஓர் அமைப்பு சாயும்போது பக்கத்து வீட்டுக்காரன் எழுந்து வராவிட்டால், ஜெனீவாவிலிருந்து வரும் கண்டன அறிக்கையால் பெரிதாக ஒன்றும் ஆகாது.

பக்கத்து வீட்டுக்காரன் எழுந்து வந்த இடம் உன் ஊரிலிருந்து ரொம்ப தூரமில்லை. பிளாச்சிமடை.

கோகோ கோலா ஆலை அங்கே 2000-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அனுமதி கொடுத்ததும் பெருமாட்டி பஞ்சாயத்துதான். கொஞ்ச நாளில் கிணறுகளில் தண்ணீர் இறங்கியது, மிச்சமிருந்த தண்ணீரில் சோறு வெந்தாலும் சாப்பிட முடியவில்லை என்றார்கள். 2002 ஏப்ரல் 22 அன்று ஆலைக்கு எதிரே சமரப் பந்தல், அதாவது போராட்டப் பந்தல், போட்டார்கள். ஓலைக் கொட்டகை. அதில் முன்னால் உட்கார்ந்தவர் மயிலம்மா என்ற ஆதிவாசிப் பெண். பெரிய படிப்பு இல்லை, பின்னால் கட்சி இல்லை. ஒரு வருடம் கழித்து, 2003 ஏப்ரலில், பஞ்சாயத்து லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தது. வரி வருமானம் போகுமென்று தெரிந்தேதான் மறுத்தது. அதே வருடம் டிசம்பர் 16 அன்று உயர் நீதிமன்றத்தின் ஒற்றை நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அதைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டு என்று தீர்ப்பெழுதினார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2005-இல் இரண்டு நீதிபதிகள் அமர்வு கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பைத் திருப்பிய பிறகும் ஆலை பழையபடி ஓடவில்லை. திரும்பத் திறக்கும் எண்ணமில்லை என்று கம்பெனி சொன்னதால் 2017-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு முடிந்தது.

இந்தக் கதையை வீர கதையாக மட்டும் படிக்காதே, அதன் இயந்திரத்தைப் பிரித்துப் பார். 1994-இல் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டம் வந்து, ஆலைக்கு லைசென்ஸ் கொடுக்கும், மறுக்கும் அதிகாரம் பஞ்சாயத்தின் கையில் இருந்தது. 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில் மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் போனதால் பஞ்சாயத்துக்குக் கொஞ்சம் முதுகெலும்பும் வந்திருந்தது. பந்தலை ஒரே ராத்திரியில் பிய்த்தெறிய முடியாதபடி ரோட்டோரத்தில் உட்காரும் உரிமை இருந்தது. செய்தி எழுதப் பத்திரிகை இருந்தது, ஏறிப் போகக் கோர்ட் இருந்தது. இவற்றில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் மயிலம்மாவின் பந்தல் மூன்றாம் மாதமே காற்றில் போயிருக்கும். வெளியிலிருந்து ஜனநாயகத்தை வளர்க்க வருபவர்களிடம் நான் கேட்பது இதைத்தான். தலைநகரத்தில் கட்டடம் கட்ட வேண்டாம். மிகச் சின்ன மன்றத்துக்கு மறுக்கும் அதிகாரம் இருக்கிறதா, ரோட்டோரத்தில் பந்தல் போட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் அதற்காக அந்த அரசை நெருக்குங்கள்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். மாநில அரசு அமைத்த உயர்மட்டக் குழு, ஆலையால் 216.26 கோடி ரூபாய் நஷ்டமென்று 2010-இல் கணக்கிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்காகச் சட்டசபை 2011-இல் மசோதா நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் அது சட்டமாகவே இல்லை. மயிலம்மா 2007-இல் இறந்துபோனார்.

கூடுவதும் நீடிப்பதும் ஒன்றல்ல என்பதை மூணாறு காட்டியது. 2015 செப்டம்பரில், போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்ததும், தேயிலை பறிக்கும் நம் தமிழ்ப் பெண்கள் எந்தச் சங்கத் தலைவரையும் பக்கத்தில் விடாமல் ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று பெயர். ஒன்பதே நாளில் 20 சதவீதத்தை வாங்கினார்கள். ஆண்கள் நடத்திய சங்கங்கள் வருடக்கணக்கில் செய்யாததை அவர்கள் செய்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். ஆனால் கொஞ்ச காலத்திலேயே பிளவு வந்தது. அவர்கள் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. கிளையும் சந்தாவும் மினிட்ஸும் ஊன்றப் பல வருடம் வேண்டும், அந்த வருடங்களை யாரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

வெளியார் நேரில் போய்ச் செய்யக்கூடியது எவ்வளவு என்பதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். 2008 ஏப்ரல் 10, நேபாளத்தில் அரசியல் நிர்ணய சபைத் தேர்தல். பார்வையாளர்களில் ஒருவனாகத் தராய்ச் சமவெளிக்குப் போயிருந்தேன். கழுத்தில் அட்டை, கையில் படிவம். ஒரு பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் உள்ளூர்ப் பெண் ஒருவர் கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். எங்கள் படிவத்தில் இருபது கேள்விகள். அவர் நோட்டில், முந்தின வாரம் எந்த வீட்டுக்கு யார் போய் மிரட்டினார்கள் என்பதும் இருந்தது. நாங்கள் நான்காம் நாள் ஊர் திரும்பினோம். மிரட்டியவர்கள் நடுவில் வாழ அவர் அங்கேயே இருந்தார். அந்த நோட்டையும் அதை எழுதியவரையும் காப்பதுதான் முக்கியம் என்று அன்றைக்கு என் மனதில் பட்டது இன்னும் மாறவில்லை.

ஆப்பிரிக்காவின் மலாவியில், அப்படி உள்ளூர்க்காரர்கள் விடாமல் நின்றதற்குப் பலன் கிடைத்தது. 2019 மே தேர்தலில் முடிவுத் தாள்களில் எண்களை வெள்ளை மையால் அழித்து மேலே எழுதியிருந்தார்கள். மனித உரிமைக் காப்பாளர்களின் கூட்டணி மாதக்கணக்கில் ஊர்வலம் நடத்தியது. ஐந்து நீதிபதிகள், குண்டு துளைக்காத அங்கி போட்டுக்கொண்டு கோர்ட்டுக்கு வந்து, 2020 பிப்ரவரி 3 அன்று தேர்தலையே செல்லாதென்றார்கள். ஜூன் மாத மறுதேர்தலில் எதிர்க்கட்சி ஜெயித்தது. மலேசியாவில் தேர்தலைச் சுத்தப்படுத்தக் கோரிய பெர்சே இயக்கத்துக்குத் தலைமை ஏற்றவர் நம் இனத்து வழக்கறிஞர் அம்பிகா சீனிவாசன். 2011-இல் அதைச் சட்டவிரோத அமைப்பு என்று அறிவித்தார்கள். 2012-இல் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. 2018-இல் அறுபத்தொரு வருட ஆளுங்கட்சி தோற்றது.

கோர்ட் திறந்திருக்கும் வரை இதெல்லாம் நடக்கும். மூடினால் என்ன என்பதற்குக் கேரளத்திலேயே ஒரு தகப்பன் இருந்தார். கோழிக்கோடு ரீஜினல் இன்ஜினியரிங் காலேஜ் மாணவன் ராஜனை 1976 மார்ச் 1 அன்று போலீஸ் பிடித்துப் போனது. அப்பா ஈச்சர வாரியர், இந்திப் பேராசிரியர், எத்தனையோ வாசல்களில் மனுவோடு நின்றார். பிடித்து வைத்தவரைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவே எமர்ஜென்சியில் செல்லாதென்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 1977 மார்ச்சில் எமர்ஜென்சி விலகிய கையோடு கேரள உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். மகன் காவலில் இருந்தது நிரூபணமானது, முதலமைச்சர் கருணாகரன் ஏப்ரலில் பதவி விலகினார். ராஜனின் உடல் கிடைக்கவே இல்லை. இந்த ஒரு மனுவைப் போடும் உரிமைக்காக உலகத்தில் எந்த நாட்டு விஷயத்திலும் நான் தலையிடுவேன், தயங்க மாட்டேன்.

இனி உன் கிணற்றுக் குழு. நம் பக்கத்து வார்டு ஒன்றில் கிராமசபை நோட்டீஸ் மலையாளத்தில் மட்டும் ஒட்டப்பட்டு வந்தது. பஞ்சாயத்தின் பெயர் வேண்டாம். நம் பாட்டிமார் அதை ரேஷன் அறிவிப்பு என்று நினைத்துப் போய்விட்டார்கள். சபை நடக்கக் குறைந்தது வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கு பேர் வர வேண்டும், அந்தக் கோரம் சேரவில்லை. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-லிருந்தே, சிறுபான்மைப் பகுதிகளில் தமிழில் அரசுக்கு எழுதலாம், தமிழிலேயே பதில் பெறலாம் என்கிறது. அதைக் காட்டி, அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து நடத்தும் சுயஉதவிக் குழுவான அயல்கூட்டத்துப் பெண்கள் பதினோரு பேர் தமிழில் மனுக் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து அடுத்த சபைக்குத் தமிழிலும் நோட்டீஸ் வந்தது. அன்று பள்ளிக்கூடத்தில் பெஞ்சு போதவில்லை, முதலில் பேசப்பட்டது போர்வெல் விவகாரம்.

ஆகவே தமிழிலும் மலையாளத்திலும் பைலா எழுதுவோம். சந்தா மாதம் பத்து ரூபாயானாலும் ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். பெரிய நன்கொடை யாராவது தருகிறேனென்றால் முதல் இரண்டு வருடம் வேண்டாமென்று சொல்லுங்கள். கிணறு கிணறாகத் தண்ணீர் மட்டத்தைத் தேதி போட்டு எழுதத் தொடங்குங்கள், பதிவு வரும் வரை காத்திருக்க வேண்டாம். ஆறு பேர் தயார் என்று சொன்னாய். ஏழாவது ஆள் யாரென்று முடிவு செய்துகொண்டு, எல்லாருடைய ஆதார் நகலோடும் சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்துவிடு.